பவுத்திரமும் லயத்துக் காம்பராவும்

சஸ்திர சிகிச்சையின் சரித்திரம் பெரும்பாலும் சஸ்திரம் பிடித்த கையின் சரித்திரமாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. மற்ற நோய்களுக்கு அது ஓரளவு பொருந்தலாம், பவுத்திரத்துக்குப் பொருந்தாது. மலவாயின் உட்புறத்துச் சிறு சுரப்பியொன்றில் சீழ் கட்டி, அது தசையைத் துளைத்துக்கொண்டு வந்து வெளித்தோலில் ஒரு வாயைத் திறந்துவிடுகிற இந்நோய்க்கு, வைத்தியர் அந்தச் சுரங்கத்தை நெடுகக் கீறித் திறந்துவிடுவதோடு பெரும்பாலும் தம் வேலையை முடித்துக்கொள்கிறார்; தையல் போடுவதில்லை. மேல்தோல் முந்திக்கொண்டு மூடினால் உள்ளே மறுபடியும் சீழ் தங்குமாதலால், புண் அடியிலிருந்து மெல்ல மெல்லத் தசை வளர்ந்தே ஆறவேண்டும். கத்தியின் வேலை அரைமணி நேரமென்றால், மிச்சமுள்ள நாலு வாரமோ எட்டு வாரமோ வீட்டின் வேலை. ஆகவே இலங்கையின் சப்பிரகமுவாத் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களில் இந்நோயின் கதையைத் தேடுகிறவன், ஆஸ்பத்திரிக்குப் போவதைவிடத் தொழிலாளரின் வரிசை வீடாகிய லயத்துக் காம்பராவுக்குள் நுழைவதே முறை.

வீடு வாய்த்தவர்களின் கதை வேறு. பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயிக்கு 1686ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஃபெலிக்ஸ் என்னும் சஸ்திர வைத்தியர் இதே நோயைக் கீறியபோது, அதற்கு முன்னரே ஏழை நோயாளர் பலரின் உடலில் அவர் கை பழகியிருந்தார். மன்னனோ படுக்கையில் இருந்தபடியே ராஜ்ய காரியங்களைக் கவனித்தான். மறு கீறல்களெல்லாம் கண்டு, அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில்தான் முற்றும் தேறினான். லண்டனில் 1835இல் ஏழைகளுக்கென்றே ஏழு படுக்கைகளுடன் இந்நோய்க்கு ஒரு வைத்தியசாலை தொடங்கிய ஃபிரெடெரிக் சால்மன், 1841இல் நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸுக்கும் சிகிச்சை செய்தார். அடுத்த ஜனவரியிலேயே டிக்கன்ஸ் அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டார். இவர்களுக்கெல்லாம் பல நூற்றாண்டு முற்பட்ட சுசுருத சம்ஹிதையோ, பகந்தரம் என்று இந்நோய்க்குத் தனி அத்தியாயம் வகுத்து, புண் ஆறிய பின்னும் ஓராண்டு காலம் தேகப் பயிற்சி, ஸ்திரீ சங்கமம், கோபம், வாகன சவாரி, கனத்த ஆகாரம் ஆகியவற்றை விலக்கவேண்டும் என்று விதித்தது. ஓராண்டு ஓய்வு! மறுநாள் விடியலில் ஆட்கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் போய் நின்றாலன்றிப் பேர், அதாவது நாட்கூலி, விழாத தோட்டத் தொழிலாளி ஒருவனிடம் போய் இந்த விதியைச் சொல்லிப் பார்க்கவேண்டும்.

திருச்சி, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து வந்த குடும்பங்களுக்குக் கிடைத்த வீடு, பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஓர் அறையும் முன்னே ஓர் இஸ்தோப்பும்தான். அடுப்பும் படுக்கையும் பிள்ளைகளும் விறகும் அதற்குள்ளேயே. தண்ணீர் பொதுப் பீலியில். மலஜலம் கழிக்க நெடுங்காலம் தேயிலைத்தூரின் மறைவே கதி. 1916இல் ராக்பெல்லர் ஸ்தாபனத்தார் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தை இலங்கைத் தோட்டங்களில் தொடங்கி, கக்கூஸ் கட்டவேண்டுமென்று வற்புறுத்திய பிறகே அந்நிலை சிறிது சிறிதாக மாறலாயிற்று. அதுவும் லயத்துக்குப் பொதுவானது, இறக்கத்தில் தள்ளிக் கட்டப்பட்டது. ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இரத்தினபுரிப் பக்கத்தில், திறந்த புண்ணோடு ஒருவன் வழுக்குப் படியில் இறங்கிக் குந்திவிட்டு, மறுபடி ஏறி வந்து வெந்நீரில் உட்கார வேண்டும் என்றால், அந்த வெந்நீருக்கு யாரோ ஒருத்தி பீலியில் முறைகாத்துத் தண்ணீர் பிடித்து, ஈர விறகை ஊதி அடுப்பெரித்திருக்க வேண்டும். அவள் பெயர் எந்த நோட்டுப் புத்தகத்திலும் இல்லை.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்பது நியாயமாகாது. கோப்பிக் காலத்திலேயே, 1872இல், தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்யவேண்டுமென்று ஒரு சட்டம் பிறந்தது. 1912இல் மருத்துவத் தேவைச் சட்டம் விரிவாக இயற்றப்பட்டது. லயங்களைச் சுகாதாரமாக வைத்திருப்பதும், நோயுற்றோரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் துரையின் கடமையாயின. அந்தச் சட்டத்தில் என் மனத்தைக் கவர்ந்த ஒரு விதி உண்டு: பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாத காலம் உணவும் உறைவிடமும் அளிக்கவேண்டும், வைத்தியர் தகுதியுடையவள் என்று சொன்னாலன்றி அம்மாதத்தில் அவளை வேலைக்கு அழைக்கக்கூடாது. உடல் ஆறுவதற்குக் காலம் வேண்டும், அந்தக் காலத்துக்குச் சோறு வேண்டும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்தே இருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டியதில்லை. பிரசவத்துக்கு ஒப்புக்கொண்ட அந்த மாதத்தை மற்றப் புண்களுக்கு அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை.

சட்டம் ஒப்புக்கொள்ளாததை வீடு ஒப்புக்கொண்டது. லயத்தில் ஓய்வென்பதற்குத் தெரிந்த மாதிரி பிள்ளைப்பேறு ஒன்றே ஆகையால், கீறிக்கொண்டு வந்த ஆணுக்கும் அதே முறைமை நடந்தது எனலாம். மூலையில் பழஞ்சேலை மறைப்பு, பத்தியம், மேலுக்கு வெந்நீர், கிழித்துத் துவைத்து வெயிலில் உலர்த்திய வேட்டித்துணி. மலம் இளக்கமாக இறங்காவிட்டால் நோயாளி படும் வேதனை சொல்லத் தரமன்று. தோட்டத்தின் நித்திய ஆகாரமாகிய கோதுமை ரொட்டியும் சாயத் தண்ணீரும் அதற்கு விரோதி. அதனால் முருங்கைக்கீரையும் வாழைப்பழமும் தேடப்பட்டன. இரவில் கடுக்காய்ப்பொடி கரைக்கப்பட்டது. லஜ்ஜையால் பலர் இதை மூலம் என்றே வெளியே சொல்லிக்கொண்டார்கள். ரப்பர்ப் பால் வெட்டுகிறவன் பாடு இன்னும் கடினம்: அடிமரத்து வெட்டுக்கு மரத்துக்கு மரம் குந்தி எழும் தொழிலுக்கு, அரைப்பேருக்காகவேனும் புண் மூடுமுன்னே திரும்பினால் மறுபடியும் சீழ்தான்.

சட்டம் விரிந்த அதே 1912இல் களனிப் பள்ளத்தாக்கின் குறுகிய ரயில் பாதை அவிசாவளையிலிருந்து இரத்தினபுரியை எட்டியது. 1919இல் ஓப்பநாயக்கா வரை நீண்டது. கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்கு அது வழி திறந்ததென்னவோ மெய்; திரும்பி வருகையில், சுசுருதர் விலக்கச் சொன்ன வாகன சவாரியை மரப் பலகையின் ஓரத்தில் ஒருக்களித்து உட்கார்ந்து அனுபவிக்க வேண்டியிருந்ததும் மெய். அவிசாவளைக்கு அப்பால் அப்பாதை 1976இல் மூடப்பட்டது.

உழைத்துக்கொண்டே ஆறவேண்டியவனுக்கு ஏற்றதொரு சிகிச்சை பழைய இந்திய வைத்திய நூல்களிலேயே இருந்தது. மஞ்சளும் கள்ளிப்பாலும் ஊட்டிய நூலைப் பற்றிச் சக்கரதத்தர் எழுதினார். காசி இந்து சர்வகலாசாலையில் பி. ஜே. தேஷ்பாண்டே முதலியோர் 1960களில் அதைப் புதுப்பித்து, நூலுக்குக் கள்ளிப்பால், நாயுருவிச் சாம்பற்காரம், மஞ்சள் ஆகியவற்றை இருபத்தொரு பூச்சாக ஏற்றும் முறையை வகுத்தனர். சுரங்கத்தினூடே நுழைத்து முடிச்சிட்ட காரநூல் வாரந்தோறும் மாற்றப்பட, அது தசையை அறுத்துக்கொண்டே பின்னால் ஆறவும் விடுகிறது. 1991இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் பரிசோதனையில், கத்தியால் ஆற 4 வாரமென்றால் நூலால் 8 வாரம் பிடித்தது. ஆனால் நோய் திரும்பியது கத்தியில் நூற்றுக்குப் பதினொருவருக்கு, நூலில் நால்வருக்கு. கள்ளியும், 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்து பின் கேகாலை மலைச்சரிவெல்லாம் படர்ந்த ரப்பரும் ஒரே தாவரக் குடும்பம் என்பதைப் பால் வெட்டுகிறவர்கள் கேட்டால் வியக்கமாட்டார்கள். இரண்டின் பாலும் கையில் பட்டால் தெரியும்.

இலங்கையில் இந்த நூல் சிகிச்சை பொரளை ஆயுர்வேத வைத்தியசாலையில் செய்யப்படுகிறது. நோயாளி நடமாடலாம், வேலையும் பார்க்கலாம் என்பது அதன் பெருமை. ஆயினும் தெரணியகலைக்கு மேலுள்ள ஒரு தோட்டத்திலிருந்து எட்டு வாரம், வாரத்துக்கொரு நாள் கொழும்புக்கு இறங்கவேண்டுமானால், எட்டு நாட்பேரும் பஸ் கூலியும் போகும். கரவனல்லையிலும் இரத்தினபுரியிலும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கத்திச் சிகிச்சைக்குக் கட்டணமில்லை; சிகிச்சைக் குறிப்புத் துண்டைக் கையில் கொடுத்து, நாளைக்கு மூன்று தடவை வெந்நீரில் உட்காரச் சொல்லி அனுப்புகிறார்கள். அந்த மூன்று தடவைக்கும் தண்ணீர் இன்றைக்கும் பல லயங்களில் பீலியிலிருந்துதான் வரவேண்டும்.