இரட்டைத் தொடர்நிலைத் தகவல்தொடர்பு

இரட்டைத் தொடர்நிலைத் தகவல்தொடர்பு என்பது தொழிலகக் கட்டுப்பாட்டு முறைமை ஒன்றில், கட்டுப்படுத்திக்கும் தொலைவிலுள்ள கருவிகளுக்கும் இடையே இரண்டாவது தடம் ஒன்றைச் சேர்த்து, ஒரு தடம் பழுதானாலும் தகவல் நிற்காதவாறு இயக்கும் முறை ஆகும். பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதால் இது தொடர்நிலை எனப்படுகிறது. நீரேற்று நிலையங்கள், ஆலைகள், துணைமின் நிலையங்கள் ஆகியவற்றில் இம்முறை பயன்படுகிறது.

பின்னணி

மோடிகான் நிறுவனம் 1979 இல் மோட்பஸ் நெறிமுறையை வெளியிட்டது. ஆர்.எஸ்-485 சீர்தரம் 1983 இல் வந்தது. ஆர்.எஸ்-485 முறையில் ஒரே இணைக் கம்பியில் ஏறத்தாழ 1200 மீட்டர் தொலைவு வரை 32 கருவிகளை இணைக்கலாம். சிக்கனமான இந்த ஏற்பாட்டின் குறையும் அதுவே. கம்பி நடுவில் அறுந்தால் அப்பாலுள்ள கருவிகள் அனைத்தும் துண்டிக்கப்படும். முனையிலுள்ள 120 ஓம் தடையும் உடன் போய்விடுவதால், இப்பாலுள்ள கருவிகளின் தகவலிலும் பிழை நேரக்கூடும்.

புதுக்கோட்டை மாவட்டச் சூழல்

வற்றாத ஆறு இல்லாத புதுக்கோட்டை மாவட்டத்திற்குக் குடிநீர் தொலைவிலிருந்து வருகிறது. 2009 இல் தொடங்கப்பட்ட இராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டம், திருச்சிராப்பள்ளி அருகே காவிரியில் நீரெடுத்துப் புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்கு வழங்குகிறது. இத்தகைய நெடுந்தொலைவுத் திட்டங்களில் அடுத்த தொட்டியின் நீர்மட்டம் தெரியாவிட்டால், நீர் வழிந்து வீணாகும் அல்லது நீரேற்றி வறண்டு ஓடிப் பழுதாகும். தொலைவு கருதித் தொடர்நிலைத் தடங்கள் ஒளியிழை, வானொலி அல்லது செல்பேசி மோடம் வழியாக நீட்டப்படுவதுண்டு.

2018 நவம்பர் 16 இல் கரையைக் கடந்த கஜா புயல், இம்மாவட்டத்தில் மின்கம்பங்களைப் பெருமளவில் சாய்த்தது. செல்பேசிச் சேவையும் தடைப்பட்டது. பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரமின்றி, மின்னாக்கி வைத்துக் குடிநீர் ஏற்ற நேர்ந்தது. கம்பத்தில் செல்லும் கம்பியும் செல்பேசி மோடமும் ஒன்றுக்கொன்று மாற்று என்று கொண்டால், இவ்வாறான நாளில் இரண்டும் ஒருசேர வீழும். ஒரே குழியில் புதைத்த இரு கம்பிகளும் அத்தகையனவே. பாதை, மின்வழங்கல், மின்கலம், இடி காப்பு ஆகியவை தனித்தனியாக இருந்தாலன்றி இரண்டாம் தடம் பெயரளவிலானதே.

ஏற்கனவே இயங்கும் முறைமையில் சேர்த்தல்

கருவியில் இரண்டு தொடர்நிலை வாயில்கள் இருப்பின் பணி எளிது. ஒன்றே இருப்பின் தெரிவு நிலைமாற்றி தேவைப்படும். அது பழுதானால் இரு தடங்களும் பயனற்றுப்போகும்.

ஒரு மோட்பஸ் தொடர்நிலைத் தடத்தில் ஒரே தலைவன் மட்டுமே இருக்கலாம். எனவே இரு கட்டுப்படுத்திகள் உள்ள இடத்தில், காத்திருக்கும் கட்டுப்படுத்தி அதே தடத்தில் பேசாதிருக்க வேண்டும். இருவரும் கேட்டால் செய்திகள் மோதிச் சிதையும்.

காலக் கணக்கே பலரும் தவறவிடுவது. 20 கருவிகள், ஒவ்வொன்றுக்கும் 1 நொடிக் காத்திருப்பு, 3 முயற்சிகள் எனில், தடம் அறுந்ததை முழுச் சுற்றில் அறிய 60 நொடிகள் ஆகும். அடுத்தடுத்து இரண்டு மூன்று கருவிகள் விடையளிக்காதபோதே தடத்தை மாற்றுவது நல்லது. ஒரேயொரு கருவி மட்டும் பேசாவிடில் பழுது பெரும்பாலும் அக்கருவியில்தான்; அதற்காகத் தடத்தை மாற்றலாகாது.

கட்டளைகளில் மேலும் கவனம் தேவை. கட்டளை போய்ச்சேர்ந்து விடை மட்டும் தொலைந்தால், தலைவன் அதையே மறு தடத்தில் மீண்டும் அனுப்புவான். கட்டளை "நிலையை மாற்று" என்றிருந்தால், ஓடத் தொடங்கிய நீரேற்றி உடனே நின்றுவிடும். "இயக்கு", "நிறுத்து" எனத் தனித்தனியாக அமைத்தால் இருமுறை போனாலும் தீங்கில்லை.

பயன்படாத தடம் எப்போது செத்தது என்பதை எவரும் அறியார். எனவே இரு தடங்களிலும் மாறிமாறிக் கேட்டு, எது பேசாவிடினும் எச்சரிக்கை எழுப்பப்படுகிறது. இரண்டும் அற்றுப்போன நிலையில், தொட்டியிலுள்ள மிதவை நிலைமாற்றி நேரடியாக நீரேற்றியை நிறுத்துமாறு உள்ளூரிலேயே கம்பியிணைப்பு செய்யப்படுகிறது.