கட்டுமீறிய வீடியோ கேம் பழக்கம்

கட்டுமீறிய வீடியோ கேம் பழக்கம் என்பது, படிப்பு, வேலை, உறக்கம், உறவுகள் ஆகியவை கெடுவது தெரிந்தும் ஒருவர் தம் விளையாட்டை நிறுத்தவோ குறைக்கவோ இயலாமல் தொடரும் நிலையாகும். இதன் கடுமையான வடிவத்தை உலகச் சுகாதார நிறுவனம் ‘கேமிங் கோளாறு’ என வகைப்படுத்தியுள்ளது. நெடுநேரம் விளையாடுவது மட்டுமே இக்கோளாறுக்கு அடையாளம் ஆகாது. தனிமையும் நட்புக் குறைவும் இப்பழக்கத்தோடு சேர்ந்து காணப்படுகின்றன. அவை பழக்கத்தின் காரணமா, விளைவா என்பது இத்துறை ஆய்வுகளின் மையக் கேள்விகளுள் ஒன்று.

வரையறை

அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட உளநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, ‘இணைய விளையாட்டுக் கோளாறு’ என்பதை மேலும் ஆராய வேண்டிய நிலைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. அதில் ஒன்பது அறிகுறிகள் தரப்பட்டுள்ளன. விளையாட்டைப் பற்றியே ஓயாது நினைத்தல், விளையாட முடியாதபோது எரிச்சலும் சோர்வும் கொள்ளுதல், பிற பொழுதுபோக்குகளில் நாட்டம் இழத்தல், விளையாடும் நேரத்தைப் பற்றிப் பொய் சொல்லுதல், உறவையோ வேலையையோ பணயம் வைத்தல் முதலியவை அவை. ஓராண்டுக் காலத்தில் ஐந்து அறிகுறிகளேனும் இருந்தால் கோளாறு எனக் கருதலாம் என்பது கையேட்டின் முன்மொழிவு.

உலகச் சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பதினொன்றாம் பதிப்பு 2019 மே மாதம் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அது மூன்று கூறுகளை வலியுறுத்துகிறது: விளையாட்டின் மீது கட்டுப்பாடு இழத்தல், வாழ்வின் பிற அலுவல்களை விட விளையாட்டுக்கு முதலிடம் தருதல், தீங்கு நேர்ந்த பின்னும் தொடர்தல். இவை பொதுவாக 12 மாதங்களேனும் நீடித்து, குடும்ப, சமூக, கல்வி, தொழில் வாழ்வைக் கணிசமாகப் பாதித்திருக்க வேண்டும். பணம் வைத்து ஆடும் சூதாட்டக் கோளாறு இதே வகைப்பாட்டில் தனி நோயாகவே குறிக்கப்படுகிறது.

ஈடுபாடும் அடிமைத்தனமும்

ஜான் சார்ல்டன், இயன் டான்ஃபோர்த் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, ஓர் இணைய விளையாட்டின் 442 ஆட்டக்காரர்களை ஆராய்ந்தது. விளையாட்டைப் பற்றி அடிக்கடி நினைப்பதும், அதில் களிப்பு அடைவதும் ஆழ்ந்த ஈடுபாடு கொண்ட எவரிடமும் காணப்படுபவை என்று அது காட்டியது. பிறரோடு மோதல், நிறுத்தினால் தவிப்பு, விட்ட பழக்கம் மீண்டும் தொற்றிக்கொள்ளுதல் போன்றவையே அடிமைத்தனத்தின் மையக் கூறுகள். இவ்வேறுபாட்டைப் பாராத கேள்வித்தாள்கள் ஆர்வலர்களையும் நோயாளிகளாகக் கணக்கிட்டுவிடும்.

நெடுநேர விளையாட்டு மட்டுமே அடிமைத்தனம் ஆகாது என்பதற்கு நார்வேயைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீன் ஒரு சான்று. தசைச்சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருந்த அவர், ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டில் பல ஆயிரம் மணி நேரம் செலவிட்டார். மகன் தனிமையில் வாழ்ந்தான் என்று வருந்திய பெற்றோர், 2014இல் அவர் இறந்த பிறகே அங்கே அவருக்கு நெருங்கிய நண்பர்கள் பலர் இருந்ததை அறிந்தனர். வெளிநாடுகளிலிருந்தும் சிலர் இறுதிச் சடங்குக்கு வந்தனர்.

பரவல்

ஆய்வு முறைக்கேற்ப எண்ணிக்கை பெரிதும் மாறுகிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த 2021ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு ஒன்று உலக அளவில் 3.05 சதவீதம் என மதிப்பிட்டது. மாதிரியைக் கண்டிப்பாகத் தேர்ந்த ஆய்வுகளை மட்டும் எடுத்தபோது அது 1.96 சதவீதமாகக் குறைந்தது. பெண்களை விட ஆண்களிடையே இது ஏறத்தாழ இரண்டரை மடங்கு கூடுதல்.

சமூக நலனுடன் தொடர்பு

சிங்கப்பூரில் 3,034 பள்ளி மாணவர்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2011இல் வெளியானது. பிறரோடு பழகும் திறன் குறைந்தவர்களும், உந்துதலை அடக்க இயலாதவர்களும் இப்பழக்கத்தில் சிக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. சிக்கிய பின் மனச்சோர்வு, பதற்றம், சமூக அச்சம் ஆகியவை கூடின, மதிப்பெண்கள் சரிந்தன. அதே ஆண்டு வெளியான நெதர்லாந்து ஆய்வும் தனிமை இப்பழக்கத்துக்குக் காரணமாகவும் விளைவாகவும் அமைவதைக் கண்டது. நேரில் பழகக் கூச்சப்படுபவருக்கு விளையாட்டில் பழகுவது எளிது. அங்கே செலவாகும் நேரம் நேர்ப்பழக்கத்தைக் குறைக்க, கூச்சம் மேலும் வளர்கிறது.

எத்தனை பேர் இச்சுழலில் நிலைக்கின்றனர் என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. தொடக்கத்தில் சிக்கலுற்றிருந்த சிங்கப்பூர் மாணவர்களுள் 84 சதவீதத்தினர் இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் அவ்வாறே இருந்தனர். 2014இல் வெளியான ஜெர்மானிய ஆய்விலோ நீடித்த சிக்கல் ஏறத்தாழ 1 சதவீத ஆட்டக்காரர்களிடம் மட்டுமே காணப்பட்டது.

விளையாட்டு உறவுகளை வளர்ப்பதும் உண்டு. கான்ஸ்டன்ஸ் ஸ்டைன்குலர், டிமிட்ரி வில்லியம்ஸ் ஆகியோர் 2006இல் இணைய விளையாட்டுகளை ‘மூன்றாம் இடம்’ என்றனர். வீடும் பணியிடமும் அல்லாத, டீக்கடை பெஞ்சு போல ஆட்கள் வந்து கூடிக் கலையும் இடம் என்பது அதன் பொருள். அறிமுக வட்டத்தை விரிக்க அது உதவுகிறது. துயரத்தில் தோள் கொடுக்கும் ஆழ்ந்த உறவுகள் அங்கே அவ்வளவு எளிதில் உருவாவதில்லை என்பதே அவர்கள் கருத்து. விளையாட்டு நிறுவனங்களின் பதிவேட்டிலிருந்தே நேரக் கணக்கைப் பெற்று, ஏறத்தாழ 39,000 பேரிடம் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் நடத்திய 2022ஆம் ஆண்டு ஆய்வில், விளையாடும் நேரம் மனநலத்தைப் பாதித்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. விருப்பத்தால் விளையாடினாரா, கட்டாய உணர்வால் விளையாடினாரா என்பதே நலத்தோடு தொடர்பு கொண்டிருந்தது.

சட்டங்கள்

தென் கொரியா 2011இல் 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டுகள் ஆடத் தடை விதித்தது. தடையை மீறப் பெற்றோரின் அடையாள எண்ணைக் கொண்டு பிள்ளைகள் உள்நுழைந்தனர். கைபேசி விளையாட்டுகளோ தடைக்கு வெளியே இருந்தன. அச்சட்டம் 2022 தொடக்கத்தில் விலக்கப்பட்டது. சீனா 2019இல் சிறார்க்கு நேர வரம்பு கொண்டுவந்தது. 2021 செப்டம்பர் முதல் வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே அவர்களுக்கு அனுமதி. 2019 விதி மிகுதியாக விளையாடுவோரைக் குறைத்ததற்குச் சான்றில்லை என 2023ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று முடிவு கூறியது.

தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மி, போக்கர் முதலிய பண விளையாட்டுகளைக் குறிவைத்தது. 2025இல் வந்த விதிகள் 18 வயதுக்குட்பட்டோர் பணம் வைத்து ஆடுவதையும், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை எவரும் அவ்வாறு ஆடுவதையும் தடுத்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் இணையப் பண விளையாட்டுகளையே தடை செய்தது. பணமில்லா விளையாட்டுகளில் மூழ்கும் சிறாரின் சிக்கல் இத்தடைகளின் வரம்புக்கு அப்பாற்பட்டது.

சிகிச்சை

ஜப்பானின் குரிஹாமா மருத்துவ மையம் 2011இலும், பெங்களூரு நிம்ஹான்ஸ் 2014இலும், பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவை 2019இலும் இதற்குச் சிகிச்சை தரும் தனிப் பிரிவுகளைத் தொடங்கின. எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையே பெரும்பாலும் பயன்படுகிறது. சிறாரின் சிகிச்சையில் குடும்பமும் பங்கேற்கிறது. மனச்சோர்வு, கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு போன்றவை உடனிருந்தால் அவற்றுக்கும் மருத்துவம் தேவை. கைபேசியைப் பறித்தால் விளையாட்டு நிற்கலாம். அதற்கு முன்பே இருந்த தனிமை அப்படியே இருக்கும். ஆகவே உறக்கம் சீராவது, வகுப்புக்கோ வேலைக்கோ திரும்புவது, வீட்டாரோடு பேச்சு மீள்வது ஆகியவையும் குறைந்த மணி நேரத்தோடு சேர்த்தே முன்னேற்றமாகக் கணக்கிடப்படுகின்றன.