தலைவரும் கட்டடமும் இல்லாத அமைப்பு: தாய்லாந்தின் ‘வுமனிஃபெஸ்டோ’

விழா மலரில் ஓர் அமைப்பின் வரலாறு எழுத நம்மிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு. நிறுவனரின் படம், முதல் செயற்குழு, அடிக்கல் நாட்டிய தேதி, சொந்தக் கட்டடம் எழும்பிய ஆண்டு, இன்றைய பொறுப்பாளர்கள். பெண் ஓவியர்களின் அமைப்பு ஒன்றைப் பற்றி எழுதித் தரும்படி மலர்க்குழு கேட்டபோது, இந்த வாய்ப்பாட்டுக்குள் அடங்காத ஒன்றை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டேன். தாய்லாந்தில் தொடங்கிய ‘வுமனிஃபெஸ்டோ’வுக்குத் தலைவர் கிடையாது, சொந்தக் கட்டடம் கிடையாது, ஆண்டுதோறும் வந்து சேரும் நிதியும் கிடையாது. ஆனாலும் 1997 முதல் பல நாட்டுப் பெண் கலைஞர்களைப் பாங்காக்கிலும், கம்போடிய எல்லையோரப் பண்ணை ஒன்றிலும், பின்னர் கணினித் திரையிலும் ஒன்றுகூட்டி வந்திருக்கிறது.

இது எங்கிருந்து முளைத்தது என்று அறிய, 1990களின் பாங்காக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தாய்லாந்தின் நவீனக் கலைக்கல்வி, இத்தாலியச் சிற்பி கொராடோ ஃபெரோச்சி வகுத்த வழியில் வந்தது. அவர் தாய் குடியுரிமை பெற்று சில்பா பீராஸ்ரீ ஆனார். 1943இல் சில்பகோர்ன் பல்கலைக்கழகம் அவர் முயற்சியில் உருவானது. 1949 முதல் தேசியக் கலைக் கண்காட்சியும் பரிசுகளும் வந்தன. கலைஞர் என்ற அங்கீகாரம் பெரும்பாலும் இந்தப் பாதையில்தான் கிடைக்கும். பெண்களும் அங்கே படித்தார்கள். ஆனால் ஆசிரியர் நாற்காலியிலும் நடுவர் மேசையிலும் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். சில்பா பீராஸ்ரீ பெயரில் 1974இல் திறந்த நவீனக் கலை மையமும் 1988இல் மூடப்பட்டது. புதிதாக எதையாவது செய்து பார்க்க நினைத்தவர்களுக்கு நகரில் இடம் அரிதாகிவிட்டது.

இடம் கொடுத்தது பாங்காக்கை அடுத்த நொந்தபுரியில் இருந்த ‘காங்க்ரீட் ஹவுஸ்’. நிகழ்த்துகலைஞர் சும்போன் அபிசுக்கும் அவர் துணைவி சந்தவிபா அபிசுக்கும் நடத்திய இடம் அது. சந்தவிபாவை ஓவிய உலகத்தவர் என்று சொல்வதைவிடத் தெருவில் நின்று வேலை செய்தவர் என்று சொல்வதே சரி. பாங்காக்கின் பட்போங் மதுக்கூடங்களில் வேலை செய்த பெண்களுக்காக 1985இல் ‘எம்பவர்’ என்ற அமைப்பைத் தொடங்கியவர் அவர். அறிவுரை வகுப்பாக இல்லாமல் ஆங்கில வகுப்பாகத்தான் அது ஆரம்பித்தது. வாடிக்கையாளரிடம் பேரம் பேசவும் ஏமாறாமல் இருக்கவும் அந்தப் பெண்களுக்கு மொழி தேவைப்பட்டது. இப்படிப்பட்டவர்கள் புழங்கிய கூரையின் கீழ் 1995இல் பெண் கலைஞர்கள் சேர்ந்து ‘டிரெடிசெக்‌ஷன்’ என்ற கண்காட்சியை வைத்தார்கள். இங்கே பிறந்த கலை முதலிலிருந்தே தெருவைப் பார்த்து நின்றதற்கு இந்த அக்கம்பக்கமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

அந்த வட்டத்தில் இருந்தவர் பப்தவன் சுவன்னகுத். தந்தை பைபூன் பெயர்பெற்ற சுவரோவியர். மகளுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. 1980களின் தொடக்கத்தில் அவர் மறைந்தபின், புத்தக் கோயில்களிலும் பெரிய ஓட்டல்களிலும் சுவரோவியம் தீட்டும் குழுவை மகள் ஏற்று நடத்தினார். கோயில் சாரத்தில் ஏறிப் புனிதக் கதைகளைத் தீட்டுவது வழிவழியாக ஆண்களின் வேலை. அதற்கு ஒரு பெண் தலைமை தாங்கியது சின்ன விஷயம் அல்ல.

அவருடைய ‘நாரிபொன்’ வரிசை ஓவியங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தாய் நாட்டுப் புராணத்தில் ஹிம்மபான் என்றொரு காடு வருகிறது. நம் இமவான் வனம்தான். அங்குள்ள மரங்களில் கனிக்குப் பதில் பெண்கள் காய்த்துத் தொங்குவார்கள். பறித்துக்கொண்டு போனால் ஏழு நாளில் வாடிவிடுவார்கள். கோயில் சுவர்களில் காலங்காலமாக அழகுக்காகத் தீட்டப்பட்ட காட்சி இது. பப்தவன் அதே கோடுகளையும் அதே வண்ண முறையையும் எடுத்துக்கொண்டு, வறுமையால் விற்கப்படும் கிராமத்துச் சிறுமிகளைப் பற்றிப் பேச வைத்தார். தூரிகை தந்தையுடையது, கேள்வி மகளுடையது. மரபை உடைக்கிறேன் என்று முழங்கியவர்கள் பலர். மரபை அதன் வீட்டுக்குள் உட்கார்ந்தே கேள்வி கேட்டவர்கள் குறைவு. 1996இல் அவர் சிட்னிக்குக் குடிபெயர்ந்தார். அமைப்போடு இருந்த உறவு அதனால் அறுந்துவிடவில்லை. சிட்னியும் அமைப்புக்கு ஓர் ஊராகிவிட்டது.

இன்னொரு முனையில் வந்தவர் வர்ஷா நாயர். உகாண்டாவின் கம்பாலாவில் பிறந்து, பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தில் ஓவியம் படித்து, 1995இல் பாங்காக்கில் குடியேறியவர். அவரும் நிதயா உவரீவரகுலும் அடுத்த பல ஆண்டுகளுக்கு இந்த அமைப்பின் சுமையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். அழைப்புக் கடிதம் எழுதுவது, இடம் பிடிப்பது, வருபவர்களைத் தங்க வைப்பது, கணக்குப் பார்ப்பது என எல்லாம் அவர்களும் தோழிகளும் சேர்ந்து செய்தவை. இருவரும் ஓவியர்கள். இந்த வேலை அவர்களுடைய சொந்தத் தூரிகையிலிருந்து எத்தனை நாட்களைத் தின்றிருக்கும் என்பதை எந்தக் கண்காட்சிக் கையேடும் எழுதாது.

1997இல் காங்க்ரீட் ஹவுஸிலும் பாங்காக்கின் பான் சாவ்பிரயா கூடத்திலும் முதல் ‘வுமனிஃபெஸ்டோ’ நடந்தது. அதே ஆண்டு ஜூலை 2இல் தாய்லாந்து அரசு தன் நாணயத்தின் மாற்று விகிதத்தைச் சந்தையிடம் விட்டது. ஒரு டாலருக்கு ஏறத்தாழ 25 பாட் என்றிருந்த விலை, 1998 ஜனவரியில் 50ஐத் தாண்டியது. வங்கிகள் கவிழ்ந்த அந்த நெருக்கடிக்குப் பின், பன்னாட்டுக் கலை நிகழ்ச்சி நடத்தப் பணம் தேடுவது என்ன பாடு என்று நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் 1999இல் இரண்டாவது நிகழ்ச்சி நடந்தது. அதுவும் காட்சிக்கூடத்தை விட்டு வெளியே, சரன்ரோம் பூங்காவில். அரண்மனைக்கு அருகே, ஒரு காலத்தில் அரச குடும்பத்தின் தோட்டமாக இருந்த இடம் அது. பூங்காவுக்கு வருகிறவர் ஓவியம் பார்க்க வருகிறவர் அல்லர். நடக்க வருவார், பிள்ளையோடு வருவார், மரத்தடியில் சும்மா உட்கார வருவார். அவர் எதிரே கலையைக் கொண்டுபோய் வைத்தால், ‘இது என்ன?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்ப முடியாது.

அதே நெருக்கடி சிங்கப்பூரில் வேறொரு பெண்ணை நடக்க வைத்தது. அமண்டா ஹெங் வருமான வரித்துறை வேலையை விட்டுக் கலைக்கு வந்தவர். ஆட்குறைப்பில் பெண்களே முதலில் வேலை இழந்ததைக் கண்டு, 1999இல் ‘லெட்ஸ் வாக்’ என்ற நிகழ்வைத் தொடங்கினார். குதிகால் உயர்ந்த செருப்பை வாயில் கவ்விக்கொண்டு, கையில் ஒரு கண்ணாடியைப் பிடித்து அதில் வழி பார்த்தபடி, பின்னோக்கி நடப்பார். பொதுமக்களும் சேர்ந்து நடக்கலாம். அதற்கு முன் 1996இல் அவர் செய்த ‘லெட்ஸ் சாட்’ இன்னும் எளியது. ஒரு மேசை, குவியலாகப் பயறு முளை. வந்தவர்கள் உட்கார்ந்து முளையின் வாலைக் கிள்ளிப் போட்டபடி ஊர்க்கதை பேசுவார்கள். அவ்வளவுதான் கலை. நிகழ்த்துகலைக்கான அரசு நிதியை 1994இலிருந்து பத்தாண்டு நிறுத்தி வைத்திருந்த ஊரில் இதைச் செய்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பாங்காக்குக்குத் திரும்புவோம். என்னைக் கேட்டால், வுமனிஃபெஸ்டோவின் உச்சம் 2001. அந்த ஆண்டு கண்காட்சியே வைக்கவில்லை. வடகிழக்கு இசான் பகுதியில், சிசகேட் மாகாணத்துக் கந்தரலக்கில் உள்ள பூன் பந்தார்ன் பண்ணைக்குப் போய்ப் பத்து நாள் கூடி வாழ்ந்தார்கள். பாங்காக்கின் ஆலைகளிலும் மதுக்கூடங்களிலும் வேலை செய்த இளம்பெண்களில் பெரும்பகுதியினர் இசான் கிராமங்களிலிருந்து பேருந்து ஏறி வந்தவர்கள். 1993இல் காடெர் பொம்மை ஆலைத் தீயில் மாண்ட 188 பேரிலும் கிராமத்து இளம்பெண்களே மிகுதி. அவர்கள் நகரத்துக்கு வந்த அதே சாலையில் கலைஞர்கள் எதிர்த்திசையில் பயணப்பட்டார்கள்.

பண்ணையில் கற்பித்தவர்கள் உள்ளூர்க் கைவினைப் பெண்கள், கற்றவர்கள் கலைஞர்கள். இசானின் பெருமை ‘மத்மீ’ நெசவு. தறியில் ஏற்றும் முன்பே ஊடைநூலைச் சட்டத்தில் விரித்து, சாயம் ஏறக்கூடாத இடங்களைக் கணக்காக முடிந்து கட்டுவார்கள். நூலைச் சாயத்தில் முக்குவார்கள். சிவப்புக்கு அரக்கு, நீலத்துக்கு அவுரி. பிறகு சில முடிச்சுகளை அவிழ்த்து, வேறு இடங்களில் கட்டி, அடுத்த நிறத்தில் முக்குவார்கள். துணியில் தெரியப்போகும் பூவும் கோபுரமும் நூலிலேயே ஒளிந்திருக்கும். நாடா ஓட ஓட வெளியே வரும். ஒரு முடிச்சு தள்ளிப்போனால் உருவம் கலைந்துவிடும். காகிதத்தில் வரைந்து வைத்துக்கொள்ளாமல் பலர் இதை மனக்கணக்கில் செய்வார்கள். தறி இருப்பது தூண்மேல் நிற்கும் வீட்டின் அடியில், நிழலில். நெல்வேலை ஓய்ந்த மாதங்களில் அதுதான் பெண்களின் கூடம். கலைக்கல்லூரியில் பட்டம் பெற்றவர் அந்தத் தறியடியில் உட்கார்ந்தால் தன் பட்டத்தின் எடை தெரிந்துவிடும்.

பண்பாட்டுப் பரிமாற்றம் என்ற பெயரில் நடப்பவற்றில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. வெளியூரார் வருவார்கள், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். கிராமம் அவர்களுடைய கையேட்டின் பின்னணிப் படமாக மிஞ்சும். பத்து நாளில் யாரும் யாரையும் முழுதாகப் புரிந்துகொள்வதில்லை. வுமனிஃபெஸ்டோ இந்தக் குறையிலிருந்து தப்பியதற்கு நான் காணும் காரணம், அவர்கள் திரும்பிப் போனதுதான். 2008இல் அதே பூன் பந்தார்ன் பண்ணையில் கலைஞர்கள் தங்கிப் பணியாற்றும் முகாமை நடத்தினார்கள். அந்தக் கந்தரலக் மாவட்டத்தின் எல்லையில்தான் பிரியா விஹார் மலை மேல் சிவன் கோயில் இருக்கிறது. 1962இல் பன்னாட்டு நீதிமன்றம் அதைக் கம்போடியாவுக்கு உரியது என்றது. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் அது சேர்ந்ததும் இரு நாட்டுப் படைகளும் எதிரெதிரே நின்றன. பரிமாற்றம் என்ற சொல்லுக்குக் கூப்பிடு தூரத்திலேயே சோதனை நடந்த ஊர் அது.

இடையில் வந்த இரண்டு முயற்சிகளில் ஒன்று நல்லது, ஒன்று சுமார். 2003இல் கண்காட்சிக்குப் பதிலாக ஒரு பெட்டி வெளியிட்டார்கள். ‘புரோகிரியேஷன், போஸ்ட்கிரியேஷன்’ என்ற பெயரில், பிறப்பும் படைப்பும் பற்றிப் பலர் அனுப்பிய படங்களும் எழுத்துகளும் அடங்கிய பெட்டி. கலைஞர் அல்லாதவர்களும் அனுப்பினார்கள், ஆண்களும் அனுப்பினார்கள். பெண்ணியம் என்ற பெயர்ப்பலகையை மாட்டிக்கொள்ள ஏற்பாட்டாளர்கள் அவசரப்பட்டதில்லை. கதவை அகலமாகவே திறந்து வைத்தார்கள். 2005இல் நாடு, எல்லை, அடையாளம் பற்றி ‘நோ மேன்ஸ் லேண்ட்’ என்ற இணையதளத் திட்டம் வந்தது. எண்ணம் பெரியது. ஆனால் அன்றைய இணையத்தில் செய்த வேலைகள் சீக்கிரம் கிழடு தட்டிவிடுகின்றன. பெட்டி அலமாரியில் கிடந்தாலும் எடுத்துத் திறக்கலாம்.

2008க்குப் பின் நீண்ட இடைவெளி. வேறு அமைப்பாக இருந்தால் இங்கேயே இரங்கல் எழுதி முடித்திருப்போம். இதைக் காப்பாற்றியது காகிதம். அழைப்பிதழ்கள், கடிதங்கள், புகைப்படங்கள், திட்ட முன்வரைவுகள் என ஏற்பாட்டாளர்கள் பத்திரப்படுத்தியிருந்தவற்றை ஹாங்காங்கின் ஆசியக் கலை ஆவணக்காப்பகம் எண்ணிம வடிவில் வகைப்படுத்தி எல்லாரும் பார்க்கும்படி வைத்தது. 2019இல் சிட்னியில் அந்த ஆவணங்களை வைத்தே ஒரு கண்காட்சி நடந்தது. பார்க்க வந்த இளைய ஆய்வாளர்கள் கேள்வி கேட்டார்கள். கேள்வி கேட்டதும் பழைய தோழிகள் மீண்டும் பேச ஆரம்பித்தார்கள்.

அடுத்த ஆண்டு கொரோனா வந்து எல்லாரையும் வீட்டில் உட்கார வைத்தபோது, பாங்காக்கில் கூட முடியாதவர்கள் அவரவர் ஊரிலேயே சிறு குழுவாகக் கூடினார்கள்: உடோன் தானி, பரோடா, சிட்னி, பெர்லின், லண்டன், பாசல். மாதத்தின் கடைசி ஞாயிறுதோறும் திரையில் சந்திக்கும் வழக்கமும் தொடங்கியது. 2023இல் பாங்காக் கலை பண்பாட்டு மையத்தில் அமைப்பின் முழு வரலாறும் ‘ஃப்ளோயிங் கனெக்‌ஷன்ஸ்’ என்ற பெயரில் காட்சிக்கு வந்தது. அந்த மையம் வேண்டும் என்று கலைஞர்கள் 1990களிலிருந்தே போராடி, 2008இல்தான் கதவு திறந்தது. இடம் இல்லாத காலத்தில் பூங்காவிலும் பண்ணையிலும் நடந்தவை கடைசியில் அந்த மாடிகளில் ஏறின.

இம்மலரைக் கையில் வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் மன்றத்தின் பழைய அழைப்பிதழ்கள், நிகழ்ச்சிப் படங்கள், வரவு செலவு நோட்டுகள், ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள் எவரிடம் இருந்தாலும் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். படத்தின் பின்னால் ஆண்டையும் அதில் இருப்பவர்களின் பெயர்களையும் பென்சிலால் எழுதி, அடுத்த பொதுக்குழு கூடுவதற்குள் செயலாளரிடம் ஒப்படையுங்கள். அசலைப் பிரிய மனமில்லாதவர்கள் நகலாவது கொடுங்கள்.