மீசையில் முட்டும் மைக்

கண்ணழுத்த நோயில் மாமாவுக்குப் பார்வை போய் சில வருஷம் ஆச்சு. கிரிக்கெட் பைத்தியம் மட்டும் போகலை. டிவி வர்ணனை அவருக்குப் பிரயோஜனப்படாது. பந்து எந்தப் பக்கம் போச்சுன்னு பார்க்கிறவனுக்கு எதுக்குச் சொல்லணும்? கூத்தபிரான், அப்துல் ஜப்பார் பேச்சை ரேடியோவில் கேட்டு வளர்ந்த காதுக்கு அது பத்தலை. சரி, நாமளே பேசிடுவோம்னு நாலு பேர் சேர்ந்தோம். எங்க வீட்டு ஹால்ல உட்கார்ந்து பேசுவோம், நெட் வழியா மாமா திருநெல்வேலியில் கேட்பார். இதுதான் திட்டம்.

ஸ்டூடியோ ரகம்னு ஒரு கண்டென்சர் மைக் வாங்கி மேஜை நடுவுல வெச்சோம். கைக்காசு நல்லாவே கரைஞ்சது. முதல் ஓவர் முடிஞ்சதும் மாமா சொன்னார்: "எலேய், ஃபேன் ஓடுதது நல்லா கேக்கு. குக்கர் மூணு விசில். ஸ்கோர் எவ்வளவுல?"

அன்னிக்கு ராத்திரிதான் இதோட சரித்திரத்தைத் தோண்ட ஆரம்பிச்சேன். நம்ம பிரச்சினை புதுசே இல்லைங்க.

1927 ஜனவரி 15. லண்டன் ட்விக்கன்ஹாம் மைதானம், இங்கிலாந்து - வேல்ஸ் ரக்பி. பிபிசியின் முதல் நேரடி விளையாட்டு வர்ணனை. பேசினவர் டெடி வேக்லம். அவருக்கு எப்படிப் பேசணும்னு பிடிபடணுமே? பார்வையில்லாத ஒருத்தரைப் பக்கத்தில் உட்கார வெச்சு, இவருக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்கன்னுட்டாங்க. படிச்சதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வர்ணனைங்கிற கலையே ஒரு மாமாவுக்காகத்தான் தொடங்கியிருக்கு! இன்னொரு விஷயம், அன்னிக்கே அது ரெண்டு பேர் வேலை. மைதானத்தைக் கட்டம் கட்டமாப் பிரிச்சு ரேடியோ டைம்ஸ் பத்திரிகையில் படம் போட்டிருந்தாங்க. பந்து எந்தக் கட்டத்தில் இருக்குன்னு இன்னொரு குரல் சொல்லிக்கிட்டே வரும். நம்ம ஊர்ல 1934-ல் பம்பாய் குவாட்ராங்குலர் போட்டிக்கு வர்ணனை செய்த தல்யார்கான் இதுக்கு நேர் எதிர். மைக்கை யாரோடவும் பங்கு போட மாட்டேன்னு தனியாளாப் பேசினவர்.

ஆனா கூட்டத்தின் இரைச்சல்? அதுக்கு பிபிசியும் மார்க்கோனி கம்பெனியும் 1937-ல் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. லிப் மைக். மேலுதட்டில் முட்டுற மாதிரி ஒரு தடுப்பு இருக்கும். மீசையில் இடிக்க இடிக்கப் பிடிச்சாத்தான் வேலை செய்யும். பின்னாடி வந்த 4104 மாடல்ல வாய்க்கும் உள்ளே இருக்கிற ரிப்பனுக்கும் இடைவெளி 54 மில்லிமீட்டர். ஆள் மாறினாலும் இது மாறாது. இந்த ரகத்தில் கிட்டத்துக் குரலோட அடித்தொனி தானாவே பெருக்கும். அதைச் சமன் செய்ய மைக்குக்குள்ளேயே அடித்தொனியைக் குறைப்பாங்க. குரல் இயல்பாயிடும், தூரத்து இரைச்சல் சோப்ளாங்கி ஆயிடும்.

கணக்கு இதுதான்: தூரம் ரெண்டு மடங்கானா குரல் 6 டெசிபல் குறையும். ஃபேன் சத்தம் அறை முழுக்கப் பரவி நிற்கிறதால அப்படியே இருக்கும். 5 செ.மீ.ல இருக்க வேண்டிய மைக்கை 40 செ.மீ. தள்ளி வெச்சா 18 டெசிபல் காலி. எவ்வளவு காசு போட்டாலும் அது திரும்பாது. எங்க மேஜையில் நடந்தது இதேதான்.

அப்ப ஆளுக்கொரு மைக் வேணும். கட்டுப்படியாகுமா? அதுக்கும் ஒரு சரித்திரம் இருக்கு. பழைய கண்டென்சர் மைக்குக்கு வெளியிலிருந்து மின்னழுத்தம் தந்துக்கிட்டே இருக்கணும். 1962-ல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் மின்னூட்டத்தை நிரந்தரமாத் தக்கவைக்கிற மெல்லிய தாளை வெச்சு எலக்ட்ரெட் மைக் செஞ்சாங்க. விலை சரிஞ்சது. டேப் ரெக்கார்டர், டெலிபோன்னு எல்லாத்துக்குள்ளேயும் அது நுழைஞ்சது. கன்னத்தோரம் மைக் நீட்டிக்கிட்டிருக்கிற மலிவு ஹெட்செட்டுக்குள்ள பெரும்பாலும் இருக்கிறது அந்த வம்சம்தான். இன்னொரு வம்சம் கையில் பிடிக்கிற டைனமிக் மைக். 1966-ல் வந்த ஷூர் எஸ்எம்58 இதில் பேர் போனது. முன்னாடி பேசினா வாங்கிக்கும், முதுகுப் பக்கச் சத்தத்தைப் பெருமளவு கண்டுக்காது. நம்மூர் மைக் செட்காரர்கள் கையில் கொடுக்கிறதும் இந்த ஜாதிதான்.

அந்தக் கண்டென்சரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டோம். ஸ்விட்ச் வெச்ச சாதா டைனமிக் மைக் நாலு, ஒரு சின்ன மிக்ஸர் வாங்கினோம். பேசாதவன் ஸ்விட்சை அணைக்கணும், இது சட்டம். திறந்திருக்கிற மைக் ஒவ்வொரு முறை ரெண்டு மடங்காகும்போதும் அறைச் சத்தம் 3 டெசிபல் ஏறும். டிவி வாயை மூடியாச்சு. மைக் உதட்டுக்கு நாலு விரல் தூரத்துக்குள்ள.

அடுத்த மேட்ச்ல மாமா ரொம்ப நேரம் ஒண்ணுமே சொல்லலை. லைன் போயிடுச்சோன்னு பயந்து கூப்பிட்டேன்.

"சும்மா இருல, ஃபீல்டர் ஓடிக்கிட்டிருக்கான்"னார்.