அச்சு மையும் எஞ்சின் எண்ணெயும்

தூத்துக்குடியின் வரலாற்றைச் சொல்வோர் முத்தைச் சொல்வர், உப்பைச் சொல்வர், கப்பலோட்டிய தமிழரைச் சொல்வர். எண்ணெயைச் சொல்வாரை நான் கண்டதில்லை. ஆயினும், பாய்மரக் கலத்தின் இடத்தில் நீராவிக் கப்பல் வந்ததும், மாட்டு வண்டியின் இடத்தில் லாரியும் காரும் வந்ததும் எண்ணெயின் துணையின்றி நடந்தவை அல்ல. ஓடும் பொருள் ஒவ்வொன்றுக்கும் உரிய எண்ணெய் ஒன்று உண்டு. ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாகலாம். இவ்வுண்மையை மனிதர் பல எஞ்சின்களைப் பாழாக்கிப் படிப்படியாகக் கற்ற வரலாற்றையே இங்குச் சொல்ல முற்படுகிறேன்.

அவ்வரலாற்றின் தொடக்கம் இக்கடற்கரையிலேயே கிடக்கிறது. மன்னார் வளைகுடாவின் இக்கரையில் 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. அதன் பின்னர் அது நின்றுபோயிற்று. அதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே பரதவர் செலுத்தி வந்த மரக்கலங்கள் உப்புநீரிலும் வெயிலிலும் கெடாதிருக்கப் பலகைகளுக்கு மீன் எண்ணெய் பூசுவது வழக்கம். மீன் எண்ணெய் காற்றுப் பட்டால் மெல்ல இறுகித் தோல்போலப் படியும் இயல்புடையது. அத்தோலே மரத்துக்குக் காப்பு. கரையில் உப்பும் பஞ்சும் ஏற்றிச் சென்ற வண்டிகளின் அச்சுக்கு இட்டதோ வேறு. விளக்கெண்ணெயில் வைக்கோற் கரியைக் குழைத்து அச்சில் தடவினர். அந்த வண்டி மைக்கு மசகு என்று பெயர். மசகெண்ணெய் என்று நாம் இன்று வழங்கும் சொல் அதிலிருந்தே பிறந்தது. விளக்கெண்ணெய் காற்றில் எளிதில் இறுகாது. நெடுநாள் வழுவழுப்பாகவே இருக்கும். மீன் எண்ணெயை அச்சில் இட்டிருந்தால் சக்கரம் சிக்கிக்கொண்டிருக்கும். வேதியியல் கல்லாத வண்டிக்காரரும் மீகாமரும் இந்த வேறுபாட்டை அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

பின்னர் நீராவி வந்தது. 1870-களின் நடுவில் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்தது. 1906-ஆம் ஆண்டு அக்டோபரில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மறு ஆண்டில் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் இத்துறைக்கு வந்தன. அக்கப்பல்களுக்காகவும் நாட்டுக்காகவும் உழைத்தவர், பின்பு கோவைச் சிறையில் எண்ணெய்ச் செக்கை இழுத்த துயரத்தைத் தமிழர் மறக்கமாட்டார்.

நீராவி எஞ்சின் பழைய எண்ணெய்களுக்கு ஒரு புதுச் சோதனையாயிற்று. தொடக்கத்தில் அதன் சிலிண்டருக்கு உருக்கிய கொழுப்பையே இட்டனர். நீராவியின் அழுத்தமும் வெப்பமும் குறைவாயிருந்தவரை அது போதுமானதாயிருந்தது. அழுத்தத்தை உயர்த்த உயர்த்தக் கொழுப்பு சிதைந்து அமிலமாயிற்று. அமிலம் உலோகத்தை அரித்தது. 1859-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் துளைக்கிணறு தோண்டிப் பெட்ரோலியம் எடுத்தனர். ஜான் எல்லிஸ் என்னும் மருத்துவர், பெட்ரோலியத்திலிருந்து பெற்ற எண்ணெய் நீராவியின் வெப்பத்திலும் அவ்வாறு சிதையாது என்று கண்டு, 1866-இல் அதனைச் செய்து விற்கத் தொடங்கினார். எண்ணெய் தன் குணத்தால் மாறிவிடவில்லை, எஞ்சின் மாறிற்று, ஆகவே எண்ணெயும் மாறவேண்டியதாயிற்று.

எண்ணெய் எவ்வாறு வேலை செய்கிறது என்பது மட்டும் அப்போதும் விளங்கவில்லை. 1883-இல் இங்கிலாந்தில் போஷாம்ப் டவர் என்பவர் இரயில் அச்சின் தாங்கிகளைச் சோதித்தார். தாங்கியின் மேற்புறத்தில் எண்ணெய் விடுவதற்காக ஒரு துளையிட்டார். அச்சு சுழலும்போது எண்ணெய் உள்ளே இறங்காமல் அத்துளை வழியே மேலே பொங்கிற்று. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளையால் அடைத்தார், அதுவும் தள்ளப்பட்டது. சுழலும் அச்சே எண்ணெயை இடுக்குக்குள் இழுத்துச்சென்று, அங்கே பெரும் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்பது புலனாயிற்று. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார். அவர் காட்டியது இது: ஓடும் அச்சு, தாங்கியைத் தொடுவதே இல்லை, இடையிலுள்ள மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதக்கிறது.

மாணவர்கள் இங்குச் சற்று நின்று எண்ணவேண்டும். அப்படலம் நிற்பதற்கு எண்ணெயின் பாகுநிலை, அச்சின் வேகம், அதன்மேல் உள்ள சுமை, இடுக்கின் அளவு ஆகிய யாவும் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும். எண்ணெய் மிக நீர்த்திருந்தால் படலம் அறுந்து உலோகம் உலோகத்தை உரசும். மிகக் கெட்டியாயிருந்தால் நுண்ணிய வழிகளுக்குள் விரைந்து புகாது. எண்ணெயைக் கலக்குவதிலேயே எஞ்சினின் ஆற்றல் வீணாகி வெப்பமாகும். ஆகவே, நல்ல எண்ணெய் எது என்று தனியே கேட்பதில் பொருளில்லை. எந்த எஞ்சினுக்கு என்று சேர்த்துக் கேட்கவேண்டும்.

மோட்டார் எஞ்சின் பிறந்தபோது நம் வண்டி அச்சின் விளக்கெண்ணெய் மீண்டும் உலக அரங்கேறிற்று. இங்கிலாந்தில் வேக்பீல்டு கம்பெனி 1909-இல் விளக்கெண்ணெய் கலந்த புதிய எண்ணெய் ஒன்றைச் செய்து, ஆமணக்கின் ஆங்கிலப் பெயரையொட்டிக் காஸ்ட்ரால் என்று அதற்குப் பெயரிட்டது. 1914-இல் தொடங்கிய முதல் உலகப்போரில், எஞ்சினே சுழலும் அமைப்புடைய விமானங்களுக்கு விளக்கெண்ணெயே ஊற்றப்பட்டது. அது பெட்ரோலில் எளிதில் கரைவதில்லை, சூடான உலோகத்தை விடாது பற்றிக்கொள்வது. அவ்விமானங்களில் எண்ணெய் ஒருமுறை பயன்பட்டபின் வெளியேறிவிடும். காரிலோ அதே எண்ணெய் அடித்தொட்டியில் தங்கி மாதக்கணக்கில் சுற்றிவர வேண்டும். அவ்வளவு நாள் வெப்பத்தில் கிடந்தால் விளக்கெண்ணெய் பிசினாகிவிடும். வானத்தில் வென்ற எண்ணெய் சாலையில் நிலைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

எண்ணெய்களை எண்ணிட்டு வகைப்படுத்தும் முறையை அமெரிக்க மோட்டார்ப் பொறியாளர் சங்கம் 1911-இல் தொடங்கிற்று. இன்று எண்ணெய்க் கலத்தின்மேல் 15 டபிள்யூ 40 என்று காண்கிறோம். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. முன்னெண் குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதில் இயங்கும் என்பதைக் காட்டுவது. அது சிறியதாக இருந்தால் குளிரில் எண்ணெய் விரைந்து ஓடும். பின்னெண் 100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எண்ணெய்க்குள்ள பாகுநிலையைக் காட்டுவது. மார்கழியிலும் குளிர் அறியாத தூத்துக்குடிக்கு முன்னெண் எதற்கு என்று கேட்கலாம். 100 பாகையில் ஓடும் எஞ்சினுக்கு நம் ஊர்க் காலைப்பொழுதே குளிர்தான். 40 என்னும் ஒற்றை எண் எண்ணெய், ஓடும் எஞ்சினில் உள்ளதைவிடக் காலையில் பத்து மடங்குக்கு மேல் கெட்டியாயிருக்கும். எஞ்சினின் தேய்மானத்தில் பெரும் பங்கு அந்தப் புறப்படும் வேளையில் நேர்வதே.

பாகுநிலை பொருந்தினால் மட்டும் போதாது என்பதை டீசல் எஞ்சின் கற்பித்தது. 1930-களில் காட்டர்பில்லர் கம்பெனியின் டீசல் டிராக்டர்களில் கரிப்பிசின் படிந்து பிஸ்டன் வளையங்கள் ஒட்டிக்கொண்டன. தூய எண்ணெய் ஊற்றியும் பயனில்லை. கலிபோர்னியா ஸ்டாண்டர்டு எண்ணெய்க் கம்பெனி 1935-இல் அழுக்கைக் கழுவும் சேர்மானம் கொண்ட எண்ணெயை வெளியிட்ட பின்னரே அக்குறை தீர்ந்தது. அன்றுமுதல் எண்ணெய்க்கு உராய்வு தடுப்பதோடு துப்புரவுப் பணியும் சேர்ந்தது. டீசல் வண்டியில் ஊற்றிய எண்ணெய் விரைவில் கறுத்தால் அது கெட்ட எண்ணெய் என்று பலர் எண்ணுகின்றனர். புகைக்கரியைத் தன்னுள் ஏந்திக்கொண்டு, அதை உலோகத்தில் படியவிடாமல் காப்பதாலேயே அது கறுக்கிறது.

துறைமுகச் சாலையோரத்துப் பணிமனை ஒன்றில் முதிய மெக்கானிக் ஒருவர், “தம்பி, நம்ம ஊரு வெயிலுக்குக் கெட்டி எண்ணெய்தான் தாங்கும்” என்று சொல்லக் கேட்டேன். “புது வண்டிக்கும் அதுதானா, அண்ணாச்சி?” என்றேன். “எஞ்சின்னா எல்லாம் எஞ்சின்தானே” என்றார். அவர் சொல்லை நான் எளிதில் தள்ளவில்லை. அவர் தொழில் பழகிய காலத்து எஞ்சின்களின் இடுக்குகள் அகன்றவை. தேய்ந்த எஞ்சின்கள் எண்ணெய் குடித்தன. அவற்றுக்குக் கெட்டி எண்ணெய் தக்கதாகவே இருந்தது. இன்றைய கார்களில் பல, நுண்ணிய இடுக்குகளும் குறுகிய எண்ணெய் வழிகளும் உடையவை. வால்வு திறக்கும் நேரத்தை எண்ணெயின் அழுத்தத்தாலேயே மாற்றிக்கொள்பவையும் உள. அவற்றுள் 0 டபிள்யூ 20 போன்ற மெல்லெண்ணெய்க்கென வகுக்கப்பட்ட எஞ்சினுக்கு, அவர் சொன்ன எண்ணெய் வேளைக்குச் சென்று சேராது. நேற்றைய எஞ்சினுக்குப் பிறந்த விதி இன்றைய எஞ்சினுக்குப் பிழையாகிறது.

இத்தகைய மாற்றத்தை 2020-ஆம் ஆண்டில் கடலிலும் தரையிலும் ஒருங்கே கண்டோம். கப்பல் எரிபொருளில் கந்தகம் எரிந்து அமிலமாகும். அதை முறிக்கவே பெரிய கப்பல் எஞ்சின்களின் சிலிண்டர் எண்ணெயில் காரத்தன்மையை மிகுதியாகச் சேர்ப்பர். 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து எரிபொருளில் கந்தகத்தின் உச்ச அளவு 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. புகையைக் கழுவும் கருவி பூண்ட கப்பல்கள் பழைய எரிபொருளைத் தொடரலாம். ஏனையவை, காரம் குறைந்த சிலிண்டர் எண்ணெய்க்கு மாறவேண்டியதாயிற்று. முறிப்பதற்கு அமிலம் இல்லையாயின், மிகுந்த காரம் பிஸ்டன்மேல் சுண்ணாம்பாய்ப் படிந்து சிலிண்டரைக் கீறும். அதே ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகைவிதி நடைமுறைக்கு வந்தது. டீசல் கார்களில் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டிகள் அமைந்தன. எண்ணெயின் உலோகச் சேர்மானங்கள் எரிந்து விடும் சாம்பல் அவ்வடிகட்டியை அடைக்கும். ஆதலின், சாம்பல் குறைந்த எண்ணெயே அவ்வண்டிகளுக்கு விதிக்கப்பட்டது. சேர்மானம் மிகுந்தது சிறந்தது என்னும் எண்ணமும் இவ்வாறு வீழ்ந்தது.

காருக்குத் தவறான எண்ணெய் ஊற்றினால் பழுது பார்க்கும் செலவோடு துன்பம் முடியலாம். வள்ளத்தில் அவ்வாறன்று. வெளிப்புற மோட்டாரில் ஈரடி எஞ்சினும் உண்டு, நாலடி எஞ்சினும் உண்டு. ஈரடி எஞ்சினில் எண்ணெய் எரிபொருளோடு கலந்து எரிந்து போகவேண்டும். நாலடி எஞ்சினில் எரியாமல் தங்கவேண்டும். காருக்கு வாங்கி மிஞ்சிய எண்ணெயை ஈரடி எஞ்சினில் கலந்தால் சாம்பல் படிந்து பொறிச்செருகி அடைபடும். கரை மறைந்த கடலில் எஞ்சின் நின்றால், அங்கே பணிமனை இல்லை. காற்றும் நீரோட்டமும் இழுத்த வழியே வள்ளம் போகும்.

எண்ணெய் மாற்றும் நாளில் செய்யவேண்டியவை சிலவே. வண்டியோடு வந்த கையேட்டைத் திறந்து பாகுநிலை எண்ணையும் தரக் குறியீட்டையும் பாருங்கள், கலத்தின்மேல் அவ்விரண்டும் பொருந்துகின்றனவா என்று ஒப்பிடுங்கள், வடிகட்டியையும் மாற்றுங்கள், அளவுகோலின் இரு கோடுகளுக்கு இடையே எண்ணெய் நிற்கும்படி ஊற்றுங்கள். விலையும் விளம்பரமும் அதன் பிறகு வரட்டும். மரத்துக்கு மீன் எண்ணெய், அச்சுக்கு விளக்கெண்ணெய் என்று நம் முன்னோர் பிரித்து அறிந்ததும் இந்த ஒப்பிட்டுப் பார்க்கும் அறிவால்தான். அவர்களுக்கு அதைச் சொல்லக் கையேடு இல்லை, நமக்கு இருக்கிறது.