கல்லும் கட்டமும் கணிப்பொறியும்

நம் ஊர்க் கோயில் மண்டபங்களின் கல் தரையில் ஆடு புலி ஆட்டத்துக்குக் கோடு கீறியிருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். 3 புலி, 15 ஆடு, கோடுகள் சந்திக்கிற 23 இடங்கள். கோடு இன்னும் நிற்கிறது. அதில் ஆடிய ஆட்டங்கள் போய்விட்டன. யார் எந்தக் காயை எங்கே வைத்து ஜெயித்தார் என்று எழுதி வைக்கும் வழக்கம் நம்மிடம் வளரவில்லை.

சீனாவில் பிறந்து கொரியா, ஜப்பான் எங்கும் பரவிய 'கோ' ஆட்டத்திலும் காயைக் கட்டத்துக்குள் வைப்பதில்லை, கோடுகள் சந்திக்கும் இடத்தில்தான் வைக்கிறார்கள். நெடுக்கே 19 கோடு, குறுக்கே 19 கோடு, ஆக 361 இடங்கள். கறுப்புக் கல் ஒருவருக்கு, வெள்ளைக் கல் மற்றவருக்கு. வைத்த கல் நகராது. வளைத்துப் பிடித்த இடம்தான் கணக்கு. ஆனால் அவர்கள் எழுதி வைத்தார்கள். பலகையின் படம் ஒன்றை வரைந்து ஒவ்வொரு கல்லின்மேலும் அது விழுந்த வரிசை எண்ணைப் போட்டுவிட்டால், ஆட்டம் முழுவதும் ஒரே தாளில் அடங்கிவிடும். ஜப்பானில் சில நூறு ஆண்டு ஆட்டங்கள் இப்படித்தான் பிழைத்தன.

ஜோகுபாளையம், அல்சூர்ப் பக்கம் சாஃப்ட்வேர் வேலைக்குப் போகிற பிள்ளைகள் இல்லாத தெரு குறைவு. கணக்குப் போடும் எஞ்சினை எழுதுகிறவருக்கு இருக்கிற மரியாதை, அந்தக் கணக்கை மனிதன் பார்க்கும் திரையாக அமைக்கிறவருக்கு ஏனோ கிடைப்பதில்லை. இந்தக் கட்டுரை அந்த இரண்டாமவரைப் பற்றியது.

தாளில் ஒரு குறை உண்டு. 'இங்கே வைக்காமல் அங்கே வைத்திருந்தால்?' என்று கேட்டால் தாள் பதில் சொல்லாது. இன்னொரு தாள் வேண்டும். ஜூரிச் தொழில்நுட்பக் கழகத்தில் ஆண்டர்ஸ் கியெருல்ஃப் 1990-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வு இந்தக் குறையைத் தீர்த்தது. ஆட்டத்தை அவர் கிளைவிடும் மரமாகப் பார்த்தார். அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக ஒவ்வொரு கிளையையும் வெறும் எழுத்தாகச் சேமித்து வைக்கலாம். அதிலிருந்து வளர்ந்த எஸ்.ஜி.எஃப். என்னும் கோப்பு முறையைத்தான் இன்றைக்கும் கோ சாஃப்ட்வேர்கள் படிக்கின்றன.

சதுரங்கத்தில் இதே வேலை சற்று முந்தியே தொடங்கிவிட்டது. ஜெர்மனியின் செஸ்பேஸ் 1987-இல் வெளிவந்தது. நம் விஸ்வநாதன் ஆனந்த் உலக ஜூனியர் பட்டம் வென்றதும் அதே ஆண்டுதான். அந்தத் திரையோடு சேர்ந்தே வளர்ந்தவர் என்று அவரைச் சொல்லலாம். 1999-இல் ஸ்பெயினின் லியோன் நகரில் ஒரு விநோதப் போட்டி நடந்தது: ஆடுகிறவர் இருவர் பக்கத்திலும் கணிப்பொறி, ஆட்டத்தின் நடுவிலேயே அதைக் கேட்டுக்கொள்ளலாம். ஆனந்த் கார்ப்போவை 5-1 என்று வென்றார். கார்ப்போவ் சாமானியரா என்ன! முன்னாள் உலக சாம்பியன். ஆனால் கணிப்பொறியோடு அவ்வளவாகப் பழகியவரல்ல. இருவருக்கும் இயந்திர உதவி இருந்தபோது, அதை எப்படிக் கேட்பது என்று தெரிந்தவர் கை ஓங்கியது.

சதுரங்க எஞ்சினின் தீர்ப்பைக் காட்டுவது எளிது. ஒரு சிப்பாய் அளவுக்கு முன்னணி என்றால் 1 என்று போட்டால் போதும். கோவில் எல்லாக் கல்லும் ஒரே மதிப்பு. எதை வைத்து எண்ணுவது? டீப் புளூ 1997-இல் காஸ்பரோவை வென்ற பிறகும் கோ புரோகிராம்கள் நெடுங்காலம் தடுமாறியது இதனால்தான். 2006-இல் ரெமி கூலோம் புதுவழி காட்டினார்: இருக்கிற நிலையிலிருந்து ஆயிரக்கணக்கான ஆட்டங்களை இயந்திரமே ஆடிப் பார்த்து, எத்தனையில் ஜெயிக்கிறது என்று எண்ணுவது. திரைக்குச் சதவீதம் கிடைத்தது.

அந்தச் சதவீதத்தை எவ்வளவு நம்பலாம்? 2016 மார்ச்சில் சியோலில் ஆல்ஃபாகோ, லீ செடோலை 4-1 என வென்றதை அறிவீர்கள். நான்காவது ஆட்டத்தில் லீ 78-ஆவது கல்லை யாரும் எதிர்பாராத இடத்தில் வைத்தார். இயந்திரத்தின் அடுத்த கல்லே பிழை. ஆனால் ஏறத்தாழ 87-ஆவது கல் வரை அதற்கே அது உறைக்கவில்லை. அதுவரை தான் ஜெயிப்பதாகவே அதன் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தது. எண்ணை மட்டும் பார்த்திருந்தவன் என்ன கற்றிருப்பான், சொல்லுங்கள்.

எண் சரியாக இருந்தாலும் தொல்லைதான். ஒருவர் 10 புள்ளி முன்னணியில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அசட்டையாக 5 புள்ளியை விட்டுவிடுகிறார். ஜெயிக்கும் வாய்ப்பு 99-லிருந்து 98 ஆகும், அவ்வளவே, திரை கண்டிக்காது. அரைப்புள்ளி வித்தியாசத்தில் நிற்கிற ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளி போனால் அதே வாய்ப்பு 80-லிருந்து 20-க்குச் சரியும்; குடி முழுகிவிட்டதாகத் திரை அலறும். 2018 வாக்கில் பரவிய லிஸி என்னும் திரை, எஞ்சின் யோசிக்கும் இடங்களைப் பலகைமேலேயே வண்ண வட்டங்களாகக் காட்டியது. சுட்டியைக் கொண்டுபோனால் அடுத்து வரக்கூடிய கற்கள் வரிசையாகத் தோன்றும். அழகான வேலை, ஆனால் வட்டத்துக்குள் சதவீதம்தான் முதலில் கண்ணில் படும். 2019-இல் டேவிட் வூ வெளியிட்ட காட்டாகோ எஞ்சின் எத்தனை புள்ளி முன்னணி, எந்த மூலை யார் பக்கம் சாய்கிறது என்பதையும் கணக்கிட்டுத் தந்தது. கற்கிறவனுக்கு இதுதான் உதவி என்பது என் எண்ணம். 'உன் வாய்ப்பு குறைந்தது' என்பதைவிட 'இந்த மூலையில் 5 புள்ளி விட்டாய்' என்பது வாத்தியார் பேச்சு.

விடையை எப்போது காட்டுவது என்ற கேள்வியும் இருக்கிறது. சென்னையின் குகேஷை, அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை எஞ்சின் பக்கமே விடவில்லை. தானே யோசித்து வரட்டும் என்றார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன் ஆனார்.

கோ திரை அமைத்தவர்களும் இதை யோசிக்காமல் இல்லை. 2020-இல் வந்த காட்ரெயின், நாம் கல்லை வைத்த பிறகே அதன்மேல் ஒரு வண்ணப்பொட்டு வைக்கிறது. பொட்டின் நிறம் எவ்வளவு புள்ளி போயிற்று என்பதைச் சொல்லும். கற்பிக்கும் முறையில் வைத்தால், மோசமான கல்லைத் தானே எடுத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்கிறது. சரியான இடம் எது என்பதை நாம் கேட்கிறவரை மறைத்து வைக்கவும் அதில் வழி உண்டு.