சரியாகத் தெரியும் பிழை: முப்பரிமாணத் தரவுக் கோப்புகளைச் சோதிக்கும் முறை குறித்து

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் வெளியிட்ட முப்பரிமாணத் தரவுத் தொகுப்பில் ஒரு தலையின் சி.டி. ஸ்கேன் உண்டு. படமாக்கல் ஆய்வில் இறங்கிய பலரும் முதலில் கையாண்ட தரவு அது. 256×256 புள்ளிகள் கொண்ட 113 ஸ்லைஸ்கள். புள்ளிக்கு 16 பிட். இரண்டு பைட்டுகளில் பெரிய இடமதிப்புள்ளது முன்னால் நிற்கும். ஒரு வாக்சலின் (முப்பரிமாணப் புள்ளியின்) உயரம் அதன் அகலத்தைப் போல இரு மடங்கு. இவற்றில் ஒரு விவரம்கூடத் தரவுக்குள் எழுதப்படவில்லை. தனியாக உள்ள விளக்கக் குறிப்பு தொலைந்தால் மிஞ்சுவது 1,48,11,136 பைட்டுகள் மட்டுமே.

அந்த எண்ணிக்கை எதையும் உறுதிப்படுத்தாது. 8 பிட் வீதம் 226 ஸ்லைஸ்கள் என்று கொடுத்தாலும் கணக்கு மிகச் சரியாகப் பொருந்தும். மென்பொருளும் மறுப்பின்றித் திறக்கும். திரையில் வருவதோ வேறு. ஒவ்வொரு வரிசையும் இரண்டாக உடைந்து, தலையின் இடப்பாதியும் வலப்பாதியும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக்கொள்ளும். பெரிய பைட்டும் சிறிய பைட்டும் மாறி மாறி வருவதால் படம் முழுக்க நெருக்கமான செங்குத்துக் கோடுகள் ஓடும். பழகிய கண் இந்தக் கோடுகளைப் பார்த்ததுமே காரணத்தைச் சொல்லிவிடும்.

பைட் வரிசை புரண்டாலும் அப்படித்தான். 255 என்ற மதிப்பு 65,280 ஆகும். அதற்கு அடுத்த 256 வெறும் 1 ஆகிவிடும். சீராக ஏறிவரும் திசுவின் அடர்த்தி இதனால் வளையம் வளையமாகச் சிதறும். குறியுள்ள எண்ணைக் குறியற்றதாகப் படித்தால், சி.டி. அடர்த்திக்கான ஹவுன்ஸ்ஃபீல்டு அளவில் –1000 ஆக இருக்கும் காற்று 64,536 ஆகி, நோயாளியைச் சுற்றிலும் கெட்டியான வெள்ளைப் பாளமாக நிற்கும். மூளைப் படங்களுக்கான நிஃப்டி வடிவக் கோப்பை வெறும் பைட்டுகளாகத் திறந்து, தொடக்கத்தில் தரவுக்கு முன் உள்ள 352 பைட்டுகளைத் தாண்டாமல் விட்டால், 16 பிட் தரவில் படம் 176 புள்ளிகள் பக்கவாட்டில் நகர்ந்து, வலது விளிம்பில் வெட்டுண்ட பகுதி இடது விளிம்பில் முளைக்கும்.

இவை எல்லாமே தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கும் பிழைகள். பயனர் கையேடுகள் இவற்றுக்கே பக்கங்களை ஒதுக்குகின்றன. என் வாதம் வேறு: ஆய்வைக் கெடுப்பவை, படம் அழகாக வந்துவிடும் பிழைகளே.

வாக்சல் இடைவெளியை எடுத்துக்கொள்வோம். மேற்சொன்ன தலையை 1:1:1 என்று திறந்தால் அதன் உயரம் பாதியாக நசுங்கும். மனிதத் தலையின் வடிவம் நமக்குத் தெரியும் என்பதால் உடனே பிடிபடும். அதே தவறு ஒரு பாறைத் துண்டிலோ எலும்பின் நுண்துளைகளிலோ நடந்தால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. நுண்துளையின் கனஅளவு பாதியாகக் குறைந்து அட்டவணையில் ஏறிவிடும். மருத்துவப் படங்களுக்கான டைகாம் வடிவத்தில் ஸ்லைஸின் தடிமன் வேறு, ஸ்லைஸ்களுக்கு இடையிலான தூரம் வேறு. முன்னதைப் பின்னதாக எடுத்துக்கொள்ளும் நிரல்களால் வரும் பிழையும் இவ்வகையே. ஒவ்வொரு ஸ்லைஸும் பதிந்து வைத்திருக்கும் இட ஆயங்களிலிருந்து தூரத்தைக் கணக்கிடுவதே சரியான வழி.

இடம் வலம் மாறுவது இதைவிடக் கொடியது. டைகாமில் முதல் அச்சு நோயாளியின் இடப்பக்கமாக ஏறும், நிஃப்டியில் வலப்பக்கமாக. மூளை ஏறக்குறைய சமச்சீரானது. ஆடிப் பிம்பமாக மாறினாலும் கண் ஏமாந்துபோகும். நிஃப்டிக்கு முந்தைய அனலைஸ் 7.5 வடிவத்தில் இந்தத் திசையை நம்பகமாகப் பதிய இடமில்லை. அந்தக் குறையைத் தீர்ப்பது நிஃப்டி உருவானதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது ஒரு பக்க நெற்றிப் பொட்டில் வைட்டமின் ஈ மாத்திரையை ஒட்டிவைக்கும் வழக்கம் இதனால்தான் வந்தது. அது படத்தில் வெண்புள்ளியாகத் தெரியும். எத்தனை நிரல்களைக் கடந்து வந்தாலும் பக்கத்தைச் சொல்லும்.

படிகவியலில் இத்தகைய ஆடிப் பிம்பப் பிழையின் விலை பொதுவெளியில் பதிவாகியிருக்கிறது. ஜெஃப்ரி சாங் குழுவினர் எம்.எஸ்.பி.ஏ. புரதத்தின் அமைப்பை 2001இல் வெளியிட்டனர். தரவைச் சுருக்கிய நிரல் இணையாக வரும் அளவீடுகளின் இரு நெடுவரிசைகளை மாற்றிப் படித்ததால் குறி புரண்டு, எலக்ட்ரான் அடர்த்தி வரைபடத்தின் கைப்பக்கமே தலைகீழாகிவிட்டது. 2006இல் டாசனும் லாக்கரும் அதற்கு நெருங்கிய உறவுள்ள ஒரு புரதத்தின் அமைப்பை வெளியிட்ட பிறகே பிழை வெளிப்பட்டது. 5 கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அங்கே எந்த மென்பொருளும் முடங்கவில்லை, எந்த எச்சரிக்கையும் வரவில்லை.

மென்பொருள் ஊகித்துத் திறப்பதே பயனருக்கு வசதி என்பார்கள். அந்த வசதிக்குள் பிழை ஒளிந்துகொள்கிறது. மெட்டாஇமேஜ் கோப்பு வடிவத்தில், தரவுக்கு முன் வரும் ஹெடரின் நீளத்தை –1 என்று கொடுத்தால், கோப்பின் மொத்த அளவிலிருந்து தரவின் அளவைக் கழித்து நீளத்தை அதுவே கண்டுகொள்ளும். ஸ்லைஸ் எண்ணிக்கையை நாம் குறைத்துக் கொடுத்திருந்தால் விடுபட்ட ஸ்லைஸ்களையும் ஹெடராகக் கருதித் தாண்டிப் போய்விடும். பொருந்தாத அளவு என்ற ஒரே தடயமும் அழிந்துபோகிறது. விடிகே என்ற படமாக்கல் நிரல் நூலகத்தில் வாக்சல் இடைவெளி குறிக்கப்படாத தரவு 1, 1, 1 என்றே தொடங்கும். என்.ஆர்.ஆர்.டி. கோப்பு வடிவத்திலோ இடைவெளி தெரியாது என்றே எழுதிவைக்கலாம். தெரியாததைத் தெரியாது என்று பதிய இடம்தரும் வடிவமே ஆய்வுக்கு ஏற்றது என்பது என் முடிவு.

நிஃப்டி-1 ஹெடரின் முதல் எண் எப்போதும் 348. அது 1,54,35,69,408 என்று வந்தால் பைட் வரிசை புரண்டிருக்கிறது என்று நிரலே அறியும். இத்தகைய தற்சோதனை ஒவ்வொரு விவரத்துக்கும் வேண்டும். அது வரும்வரை, படத்தைப் பார்க்கும் முன் பைட் கணக்கையும், மதிப்புகளின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமையும் பார்க்க வேண்டும்; சி.டி. தரவில் –1000 அருகே காற்றின் மேடும் 0 அருகே மென்திசுவின் மேடும் தெரியாவிட்டால் மேலே போகக் கூடாது. அளவு தெரிந்த ஒரு பொருளையும் பக்கம் காட்டும் ஒரு குறியையும் ஸ்கேனிலேயே சேர்த்து எடுக்க வேண்டும். முப்பரிமாண அளவீட்டை நம்பி எழுதப்படும் கட்டுரைகளில் வாக்சல் இடைவெளி, பைட் வரிசை, அச்சுத் திசை ஆகிய மூன்றையும் முறையியல் பகுதியில் குறிப்பிடும்படி ஆய்விதழ் ஆசிரியர்கள் கட்டாயமாக்க வேண்டும்.